முகத்துவாரத்து மணல் வழி

எனது பெயர் ஃப்ளோரா, வயது 41. கணவர் பெயர் அகஸ்டின், இறந்தவர். பட்டினப்பாக்கத்தில், அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வசிக்கிறேன். மீன் விற்கிறேன்.

என் கணவர் முன்பு முகத்துவாரத்தில் வலை வீசி வந்தார். மடவை மீனும் இறாலும் கிடைக்கும். மேலே அணை போட்டுத் தண்ணீரை ஏரியில் நிறுத்துவதால், மழைக்காலம் தவிர ஆற்றில் வரத்து இல்லை. கடல் மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே தேங்குவது சாக்கடைதான், அதில் மீன் ஏது? அதன் பிறகு அவர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, எதிர்க்கரையில் பெசன்ட் நகரில் ஒரு அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். மந்தைவெளி வழியாகச் சுற்றினால் பஸ் மாற வேண்டும் என்பதால், எங்கள் ஆட்கள் எல்லாரையும் போல வாயை அடைத்துக் கிடந்த மணல்மேல் நடந்து போய்வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படித்தான் போகிறார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. எனக்குக் கை சுளுக்கியிருந்ததால் குடம் தூக்கி மாடி ஏற முடியவில்லை. அவருக்குப் போன் செய்தேன். "புது பூட்ஸு காலைக் கடிக்குது, பஸ்ல வரேன்" என்றார். "பஸ்ல வந்தா லாரி பூடும். மணல்தானே, நடந்து வாய்யா" என்று கத்தினேன். நான் கத்துகிறவள்தான்.

அதன் பிறகு வரிசையில் நின்றேன். ஒரு துளி மழை இல்லை. ஷட்டர் பழுது பார்க்க மேலே ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் யாரும் வந்து சொல்லவில்லை. கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த வெள்ளைத்துரை, "அகஸ்டினு, ஓடுடா, மணலு ஒடையுது!" என்று அலறியது கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் பாதை இருந்த இடத்தில் ஆறு ஓடியது. மறுநாள் காலை கடற்கரையில் உடல் கிடைத்தது. கடலில் நீந்திப் பழகிய மனிதர். பூட்ஸ் கயிறு கட்டினபடியே இருந்தது.

அன்று அக்கம்பக்கத்தார் எனக்காகப் பிடித்து வைத்த குடங்கள் வாசலில் அப்படியே இருக்கின்றன. லாரியில் வருவதும் அதே ஏரித் தண்ணீர்தான். எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா முதலில் "ஆற்றில் இறங்கித் தவறி விழுந்து" என்று எழுதியிருந்தார். "ஆறுன்னு தெரிஞ்சும் ஏம்மா எறங்கினாரு?" என்று கேட்டார். "இன்னா சார் பேசுறீங்க? நீங்க தண்ணிய நிறுத்துனா ரோடு, தொறந்தா ஆறா?" என்றேன். என் மகள் ஜொவிட்டா நாளைக்கு இந்தக் காகிதத்தைப் படிப்பாள். அப்பா குடித்துவிட்டு விழுந்தார் என்று அவள் நினைக்கக் கூடாது. அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு அடித்தார். அந்த வழியாக வரச் சொன்னது யார் என்று கேட்டார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் கணவர் தவறி விழவில்லை. நான் வரச் சொன்ன வழியில் வந்தார்.

மேலே உள்ளதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
அ. ஃப்ளோரா