வற்றும் கடலைப் படித்தவர்

அவையின் தலைமையை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் திருநாவுக்கரசு அவர்களே! இந்தத் தீவில் காடு திருத்திக் கழனி கண்ட பெரார்கஞ்சு ஊர்ப் பெரியோர்களே! கைக்குழந்தையோடு இந்த மரைன் ஹில் மேடேறி வந்த தாய்மார்களே! சென்ற வாரக் கப்பலில் வந்திறங்கி, நாளைக்கே படகு இறக்கத் துடிக்கும் கடலோரச் சகோதரர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பாராட்டுக்குரிய படகோட்டி கஸ்பார், அதோ, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அவருக்குக் கைராசி என்கிறீர்கள். கைராசியா? கண்ணீர் விட்டுக் கற்ற கை ஐயா அது!

என்ன, புதியவர்கள் பக்கமிருந்து குரல்? "எங்களுக்குக் கடல் தெரியாதா?" என்கிறீர்களா? கேளுங்கள் அண்ணாச்சி, தவறில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தம்பி அந்தோணிமுத்துவோடு இங்கே வந்த கஸ்பாரும் இதையேதான் கேட்டார். தெரியாதவரா அவர்? தூத்துக்குடிக் கடலில் தவழ்ந்தவர், வளர்ந்தவர், வாழ்ந்தவர்!

அந்தக் கரையில் கடல் முழங்கால் அளவு ஏறும், இறங்கும். இங்கே ஆள் உயரம் இறங்கும். அதை அறியாமல், நிறைந்த நீரில் பவளப்பாறைக்கு மேலே நங்கூரம் போட்டு, ஊர் வழக்கப்படி நிதானமாக வலை இழுத்தார்கள் அண்ணனும் தம்பியும். நீர் வற்றியது. படகு பாறையில் அமர்ந்து சாய்ந்தது. ஓர் அலை வந்தது. படகு உடைந்தது. அந்தோணிமுத்துவைக் கடல் திருப்பித் தரவில்லை.

கஸ்பார் ஊருக்குத் திரும்பினாரா? இல்லை. கடலை வெறுத்தாரா? இல்லை. கரையில் நின்றார். வற்றும்போது நின்றார், பெருகும்போது நின்றார். வெயிலில் நின்றார், மழையில் நின்றார். ஆண்டுக்கணக்காக நின்று, எந்தப் பாறை எப்போது தலைகாட்டும், எப்போது முழுகும் என்று கண்ணால் படித்தார்.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன், பிரசவ வலியில் துடித்த நீலாவதியை ஜீப்பில் துறைக்குக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியோ அக்கரையில். மோட்டார் லாஞ்சு அந்நேரம் இல்லை. கஸ்பாரின் படகு மட்டும் நின்றது. அவரோ அசையவில்லை! நீலாவதியின் கணவர் கிருஷ்ணமூர்த்தி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"அரே, ஜல்தி சலோ, சீக்கிரம் கெளம்பு! தம்பியக் கொன்னது போதாதா? என் பொண்டாட்டியையும் கொல்லப் பாக்குறியா?"

எப்படிப்பட்ட சொல்! அதையும் தாங்கிக்கொண்டு கஸ்பார் சொன்னார்: "சார், தண்ணி திரும்பட்டும். இப்பப் போனா பாறையிலதான் இருப்போம்."

நீர் திரும்பியது. பாறை முழுகியது. அதற்குப் பிறகு அந்தப் படகு போன வேகம் இருக்கிறதே! தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. துடுப்புப் போட ஆயிரம் பேர் உண்டு. பழி சுமந்து காத்திருக்க எத்தனை பேர் உண்டு? அந்தப் பொறுமைதான் தேர்ச்சி! அந்தப் பொறுமைதான் திறமை!

புதிதாக வந்த சகோதரர்களே, உங்கள் வீரத்தை நான் ஐயப்படவில்லை. உங்கள் உயிர் எங்களுக்கு வேண்டும். கஸ்பார் உங்களிடம் சொல்லச் சொன்னது இதுதான்: "நாளைக்குக் கடலுக்குப் போவ வேணாம். காலையில தண்ணி வத்தும், எங்கூட வந்து நின்னு பாருங்க."

வருவீர்களா? கேள்வி கேட்ட அண்ணாச்சி, நீங்கள்?

ஆ! தாய்மார் பக்கமிருந்து அண்ணாச்சியின் மனைவி எழுந்துவிட்டார். என்னம்மா சொல்கிறீர்கள்? "அவுக வருவாக! நான் கையப் புடிச்சுக் கூட்டியாறேன்!"

தாயே, உனக்கு நன்றி. உங்கள் எல்லோருக்கும் நன்றி. காலையில் கரையில் சந்திப்போம். வணக்கம்!