மேலே நீந்தி வந்தது

பருத்தித்துறை பஸ் நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில், மடியில் கைக்குழந்தையோடு இருந்த தகப்பன் பக்கத்திலிருந்த வெள்ளை வேட்டிக்காரரிடம் சொன்னார்:

"இவள் கழுவியெடுத்த விதையிலை முளைச்சவள், அண்ணை."

"இதென்ன கதை?"

"குறை என்னிலைதான். அணுக்கள் குறைவு, இருக்கிறதிலையும் கனக்க ஓட்டமில்லை எண்டு மெட்ராஸிலை டொக்டர் சொன்னவர். என்ரை விந்தை வாங்கி லாப்பிலை கழுவினவை. பிறகு அதுக்கு மேலை புது மருந்துத் தண்ணி விட்டு, குழாயை அசையாமல் வைச்சவை."

"நாங்கள் விதைநெல்லை உப்புத் தண்ணியிலை போடுற மாதிரியோ?"

"ஓம். ஆனால் நெல்லிலை பதர்தான் மேலை மிதக்கும். இதிலை வீரியமானதுதான் மேலை நீந்தி வரும், சோர்ந்தது அடியிலை கிடக்கும். மேலை வந்ததை மட்டும் எடுத்து இவளின்ரை தாயின்ரை கர்ப்பப்பையிலை விட்டவை. என்னட்டையும் நீந்திற சாமான் இருந்திருக்கு, பாருங்கோ."

அவருடைய குரல் பஸ் முழுவதும் கேட்டது. எதிர்ப்பக்க இருக்கையில் பெண்களோடு இருந்த அவர் மனைவி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நடத்துநரும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தியிருந்தார்.

"மெல்லக் கதையும் தம்பி, சனம் கேக்குது" என்றார் வேட்டிக்காரர்.

"கேக்கட்டும் அண்ணை. எட்டு வருசமாய் அவளைத்தான் மலடி எண்டவை. அப்ப ஒருத்தரும் மெல்லக் கதைக்கேல்லை."