நூற்றுத் தொண்ணூறு

அந்த நாற்காலியில் கிடக்கும் துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காருங்கள். ஊசி எதுவும் இருக்காது, ஆனாலும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுவது நல்லது. தையல்காரன் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் நான் சொல்வதுதான். முன்பு பத்திரிகைக்காரர்கள் வரிசைகட்டி வந்த காலத்தில் ஒருவர் அவசரப்பட்டு உட்கார்ந்துவிட்டு, பேட்டி முழுவதையும் நின்றுகொண்டே எடுத்தார். அக்கா அன்று சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அவள் வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். அவளைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொன்னீர்கள். உச்சத்தில் இருந்தபோது உயரம் தாண்டுவதை ஏன் விட்டுவிட்டாள் என்று கேட்டீர்கள். அவளிடம் கேட்டால், "உடம்பு கேக்கல" என்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எனக்குத் தெரியும். இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அம்மா போனபோது நான் சின்னப் பையன். அக்கா பள்ளிக்கூடத்தை முடித்திருக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தலை வாரிவிட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, காய்ச்சல் வந்தால் கண்விழித்து, எல்லாம் அவள்தான். தெருவில் அவளை ஒட்டடைக் கம்பு என்பார்கள். இடுப்புக்குக் கீழேதான் அவளுடைய உயரம் முழுவதும். அந்த ஒட்டடைக் கம்பு நூற்று எண்பத்தெட்டு சென்டிமீட்டர் தாண்டி நாட்டின் சாதனையை எழுதியபோது, கேலி செய்த அதே ஆட்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அவள் போட்டிக்குப் போடும் உடையை நான்தான் தைப்பேன். தோள்பட்டையில் துளி கூட இழுக்காது.

வெளியூர்ப் போட்டிகளுக்கு அவள் போய்விட்டால் நான் தனி. இது உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. தையல் மெஷினை நிறுத்தினால் வீடு அப்படியே அடங்கிவிடும். அதனால் வேலை இல்லாவிட்டாலும் ஏதாவது வெட்டுத்துணியைக் கொடுத்து மெஷினை ஓட்டிக்கொண்டே இருப்பேன். ஒன்றோடொன்று தைத்த துண்டுகள் மூட்டையாகச் சேர்ந்துவிடும். அவள் திரும்பி வந்து, "என்னடா இது, யானைக்குச் சட்டையா?" என்பாள். நானும் சிரிப்பேன்.

அவளுடைய பயிற்சியாளரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டிக்காரர். கம்பியை வேண்டுமென்றே கொஞ்சம் உயரத்தில் வைத்துவிட்டு, "கம்மிதான், பயப்படாம தாண்டு" என்பார். அவளும் நம்பித் தாண்டிவிடுவாள். மெத்தையில் விழுந்து எழுந்ததும் உண்மையான உயரத்தைச் சொல்வார். அவள் துள்ளிக் குதித்து எங்களைக் கட்டிக்கொள்வாள். "மனசுக்குத் தெரியாம காலுக்கு வேல குடுக்கணும்டா" என்று என்னிடம் சொல்லுவார். நான் அளவு பிடிக்கிறவன். அதனால் ரகசியத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மாஸ்டர் ஓய்வுபெற்று மகளோடு போய்விட்ட பிறகு, அக்கா ஒருநாள் மாடிப்படியில் இறங்கும்போது கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். பல மாதம் ஓய்வு. அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பயிற்சி மையம் ஒன்று அவளைக் கூப்பிட்டது. நான்கு வருடம் அங்கேயே தங்கவேண்டும். நல்ல சம்பளம், பெரிய பெரிய போட்டிகள். தேர்வு நாளில் நூற்று எண்பத்தாறு தாண்டிக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"நாலு வருஷம் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும்டா. நீ ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ. நான் திரும்பி வரும்போது வீடு நிறைய ஆள் இருக்கணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்லமுடியும்? எனக்காக அவள் எவ்வளவோ விட்டுக்கொடுத்தவள். போகாதே என்று கேட்டிருந்தால் போகாமலே இருந்திருப்பாள். ஆனால் வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக் காட்டாமல் என்னைப் பார்த்திருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கேட்கவில்லை.

அவள் ரோஷக்காரி. "இங்க ஒரு தடவையாவது எண்பத்தாறு தாண்டாம அங்க போய் நின்னு அசிங்கப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பழைய மைதானத்தில் நாங்கள் இருவர் மட்டும் பயிற்சியைத் தொடங்கினோம். கம்பங்களில் இருந்த எண்கள் மழையில் எப்போதோ அழிந்துவிட்டன. உயரம் பார்ப்பதெல்லாம் என் இன்ச் டேப்பை வைத்துத்தான். ஒரு டேப் நூற்றைம்பது சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். அதனால் இரண்டைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தேன். மேல் டேப்பில் முப்பத்தாறு என்றால் நூற்று எண்பத்தாறு.

ஒரு மத்தியானம், கடைக்கு ஆள் வராத நேரம், அந்தச் சேர்ப்பைப் பிரித்தேன். வேறொரு டேப்பிலிருந்து ஆறு சென்டிமீட்டர் துண்டு வெட்டி நடுவில் வைத்துத் திரும்பத் தைத்தேன். நூற்று நாற்பத்து நாலு முதல் ஐம்பது வரையிலான எண்கள் இரண்டு தடவை வரும். ஆனால் தாண்டுகிறவர்கள் உச்சியில் என்ன எண் என்று மட்டும்தான் பார்ப்பார்கள். டேப்பின் நடுவை யார் பார்க்கிறார்கள்?

முதல் நாள் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். "என்னடா, உசரமா தெரியுது?"

"எத்தன மாசம் கழிச்சுப் பாக்குற? அப்படித்தான்க்கா தெரியும்."

தலையாட்டினாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. யாரை நம்பாவிட்டாலும் என் அளவை நம்புவாள்.

தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். தினமும் கம்பியைத் தட்டிவிட்டாள். நான் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். வியர்வை துடைக்கத் துண்டு கொடுத்தேன், கணுக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அவளை அவ்வளவு கண்ணும் கருத்துமாக நான் கவனித்துக்கொண்டது அந்த நாட்களில்தான்.

தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், டேப்பில் நூற்று எண்பத்து நாலு வைத்தேன். அக்கா ஓடி வந்தாள். கம்பி அசையக்கூட இல்லை. அவள் முதுகுக்கும் கம்பிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மெத்தையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. நடுவில் வைத்த ஆறையும் சேர்த்தால், நூற்றுத் தொண்ணூறு. அவளுடைய சாதனையைவிட இரண்டு அதிகம். இந்த நாட்டில் எந்தப் பெண்ணும் அதுவரை போகாத உயரம். கத்தவேண்டும் போல இருந்தது. மைதானத்தில் நாங்கள் இருவர்தான், இருவரில் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும்.

"பரவால்லக்கா" என்றேன்.

பிறகு எண்பத்தாறு என்று சொல்லி வைத்தேன். மூன்று முறையும் கம்பி விழுந்தது. மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

"போதும்டா. தெரிஞ்சுபோச்சு. உன் உழைப்பையும் சேர்த்து வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கோடா."

"விடுக்கா. நான் இருக்கேன்ல" என்று அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

தேர்வுக்கு அவள் போகவில்லை. சுவரில் இருந்த படங்களை அவளே கழற்றினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருப்பாள். வந்த வரன்களை, "என்கிட்ட இனி என்ன இருக்கு" என்று அனுப்பிவிட்டாள். இப்போது கொஞ்சம் கூன் போட்டு நடக்கிறாள். உயரமானவர்களுக்கு வயதானால் அப்படி வரும் என்கிறார்கள்.

போன மாதம் ஒரு சின்னப் பெண் நூற்று எண்பத்தொன்பது தாண்டி அக்காவின் சாதனையை முறியடித்தாளே, அதை டிவியில் பார்த்தோம். "நம்மால முடியாதத அவ செஞ்சுட்டா" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்துபோய் டிவியை அணைத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது அநியாயம் இல்லையா? தாண்டியவளுக்குரிய பெயர் அவளுக்கு வரவேண்டாமா? அதனால்தான் நீங்கள் கேட்டதும் சொல்லிவிட்டேன். நூற்றுத் தொண்ணூறு என்று உங்கள் புத்தகத்தில் எழுதுங்கள். சாட்சி நான்.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? மாஸ்டர் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவர் கடைசியில் சொல்லிவிடுவார், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய உயரத்திலிருந்து ஒரு துளிகூட நான் குறைக்கவில்லை, கூட்டித்தான் வைத்தேன்.

டேப் விஷயத்தை மட்டும் எழுதவேண்டாம். அவளுக்குத் தெரியவும் வேண்டாம். இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். பேச்சு அதிகம் கிடையாது. நான் மெஷினை நிறுத்தினாலும் பக்கத்து அறையில் அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கும். வீட்டில் ஆள் இருக்கிறது. எனக்கு அது போதும். அவளுக்கும் அது போதும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.