தகப்பன் பெயர் எழுதும் இடம்

“செத்த மனுசன் வந்து மறுத்துக் கதைக்க மாட்டான் எண்டுதானே இந்தக் கதையைக் கட்டிவிட்டிருக்கினம்” என்று லூர்த்தம்மா என் படலையில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். முருங்கையிலை நல்ல கறி. ஆய்வதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் காதுக்கு வேலையில்லை. சண்டை கேட்டுக்கொண்டே செய்யலாம்.

சண்டை என்னோடு அல்ல, கூட வந்த மகன் கனிசியசோடு. லூர்த்தம்மாவுக்குத் தன் வீட்டில் திட்டினால் திட்டியது போல இருக்காது. நாலு படலை திறக்க வேண்டும்.

“அம்மா, நீங்கள் அதை நம்புறியளோ இல்லையோ. அதை மட்டும் சொல்லுங்கோ” என்றான் கனிசியஸ். அவன் குரலும் உயர்ந்துதான் இருந்தது.

“எனக்கென்னடா தெரியும். உன்ரை தேப்பன் ஆறு மாதம் இங்கை, ஆறு மாதம் முல்லைத்தீவு வாடியிலை. நான் என்ன கூடப் போனனானே.”

எனக்கென்ன தெரியும் என்ற அந்த ஒரு சொல்லை நான் எதிர்பார்த்திருந்தேன். அதை அவளே சொல்லிவிட்டாள். நான் இலையைச் சுளகோடு ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து, உள்ளே வா லூர்த்தம்மா, ஒரு வாய் தேத்தண்ணி குடி என்றேன். இது 1968இல்.

சுவாமி, நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஆட்களைத் தெரியாது. ஆகவே ஆட்களைச் சொல்லிக்கொண்டே போகிறேன். அது எனக்குக் கைவந்த வேலை. குருநகரில் எந்த வீட்டில் மீன் பொரித்தாலும் என்ன மீன், ஆர் வள்ளத்து மீன் என்று சொல்லுவேன் என்று ஒரு காலத்தில் பகிடி பண்ணுவார்கள். பகிடியில் பாதி உண்மை.

கன்னியர் மடத்து விடுதியில் வளரும் பெற்றோரில்லாத பெண்பிள்ளைகள் பதினெட்டு வயதானதும் வெளிக்கிட வேண்டும். வெளியே எப்படி நடமாடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. மணி அடித்தால்தான் பசிக்கும். கிணற்றடிக்குப் போகவும் உத்தரவு கேட்பார்கள். அறுபது பேருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும், இரண்டு பேருக்குச் சோறு வைக்கத் தெரியாது. 1962இல் மடத்து மதர் கோயிலில் வந்து கேட்டார். கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்தப் பிள்ளைகளோடு கூடவே தங்கி அவர்களைப் பழக்கி எடுக்க ஒரு பெண் வேண்டும், சம்பளம் இல்லை என்றார். நான் எழுந்து நின்றேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கலியாணம் நடக்கவில்லை. அண்ணை யாகப்பு வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையில் பாய். அண்ணையின் மனைவி, சிசிலியா மாமி வந்தால் வாயை மூடுங்கோ என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சிசிலியா சேவைக்குப் போகிறாள் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

நான் பிள்ளைகளைப் பழக்குவதில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் மீன்சந்தையில் விலை பேசுவது. பிறகு தபால் கந்தோர். பிறகு வீட்டைப் பூட்டித் திறப்பைத் தானே வைத்திருப்பது. திறப்பைக் கையில் கொடுத்தபோது அழுத பிள்ளையும் உண்டு. கடைசியாக, தனியாக பஸ் ஏறி காங்கேசன்துறைக்குப் போய், வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. போய்வந்தால் பிள்ளை தேறிவிட்டாள். ஆறு பேரைத் தேற்றி அனுப்பினேன். போன பிள்ளைகள் நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து மடல் போடுவார்கள். இரண்டு வருடம் போடுவார்கள், பிறகு போடமாட்டார்கள்.

ஏழாவது பிள்ளை அற்புதராணி. 1967இல் வந்தாள். அவளுக்குப் பிறகு மடத்திலிருந்து ஒருவரையும் அனுப்பவில்லை. இவளும் போனால் வீட்டை மூடுவது என்று மதர் எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். நல்ல பிள்ளை. மெதுவாகப் பேசுவாள். எனக்குத் தலையிடி என்றால் கேட்காமலே நெற்றியில் தைலம் போடுவாள். அதுவரை என் நெற்றியை ஒருவரும் தொட்டதில்லை. இதை எனக்கு நியாயம் தேடிச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறேன்.

மீன்சந்தைக்குப் போய் விலை பேசப் பழகியபோது அவள் கனிசியசிடமும் பேசப் பழகிவிட்டாள். அதை முதலில் கண்டதும் நான்தான். அவன் நல்ல பெடியன். குடியில்லை. லூர்த்தம்மாகூட, பெற்றோர் தெரியாத பிள்ளை என்று இரண்டு மாதம் முகத்தை நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானே சட்டைத்துணி எடுத்துக்கொண்டு வந்தாள். கோயிலில் பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள்.

மூன்று ஞாயிறு வாசிப்பது எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பீர்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்கிறேன். நான் அறிந்த அளவுக்கு இந்தப் பங்கில் ஒருவரும் அறிந்தவர் இல்லை. ஆனால் ஒரு தரமும் என்னை ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டாம் ஞாயிறு பூசைக்குப் பிறகு அப்போதைய பங்குச்சுவாமி செபநாயகம் அவர்களிடம் போனேன். அற்புதராணியை இரண்டு நாள் குழந்தையாக முல்லைத்தீவிலிருந்து கொண்டுவந்தது அவருக்குத் தெரியும். மடத்தில் கொடுத்த ஞானஸ்நானப் பத்திரத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு இருப்பதும் தெரியும். கனிசியசின் தகப்பன், செத்துப்போன நீக்கிலாப்பிள்ளை, வருடத்தில் பாதி முல்லைத்தீவுக் கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன்தொழில் செய்தவர் என்பது ஊருக்கே தெரியும். இங்கிருந்து அரைவாசி ஆம்பிளைகள் அப்படித்தான் போவார்கள். நான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அவருடையது என்று அந்தக் காலத்தில் ஒரு கதை அடிபட்டது சுவாமி, அப்படியென்றால் இது அண்ணனும் தங்கையும் என்றேன்.

“நிச்சயமாத் தெரியுமோ சிசிலியா” என்று கேட்டார்.

“நிச்சயம் எண்டு எப்பிடிச் சுவாமி சொல்லுறது. தெரிஞ்சதைச் சொல்லாமல் விட்டால் பாவம் எண்டு நீங்கள்தானே வாசிச்சனீங்கள்.”

அவர் நல்ல மனிதர். என் பெயரை வெளியே விடவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோயிலுக்கு எழுதிக் கேட்டார். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் அந்தக் கோயில் ஏடுகள் முழுவதும் அழிந்துவிட்டன என்று பதில் வந்தது. எனக்கு அது முன்னமே தெரியும். விசாரித்துவிட்டுத்தான் போனேன். மூன்றாம் ஞாயிறு பெயர் வாசிக்கவில்லை.

நான் லூர்த்தம்மாவை உள்ளே கூப்பிட்டேன் என்று சொன்னேனல்லவா. அவள் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியை வாங்கினாள். குடிக்காமல் நிலத்தில் வைத்தாள். “உனக்குத் தெரியாமல் இந்த ஊரிலை ஒண்டும் நடவாது. ஆர் சுவாமியிட்டைச் சொன்னது எண்டு அறிஞ்சு சொல்லு சிசிலியா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள். அறிந்து சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நாள் அறிந்துகொண்டும் திரிந்தேன். இரண்டு வீட்டாரின் பெயர் என் வாயில் வந்தது. அந்த இரண்டு வீட்டாரோடும் லூர்த்தம்மா கதை பேச்சை விட்டாள்.

கனிசியஸ் விடவில்லை. நீர்கொழும்புக்குப் போய்க் கட்டுவம், அங்கே ஆர் கேட்கப்போகினம் என்று படலையில் நின்று சொன்னான். அற்புதராணி வெளியே போகவில்லை. அவன் போன பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். அலுமாரிக்கு மேலே ஆணியில் தொங்கிய சின்னக் கண்ணாடி. பகல் இரண்டு மணி இருக்கும், யன்னலால் நல்ல வெளிச்சம்.

“அக்கா, நீங்கள் முகத்தைப் பார்த்தே ஆரின்ரை பிள்ளை எண்டு சொல்லுவியள். அவரின்ரை தேப்பனையும் பார்த்திருக்கிறியள். என்ரை முகத்திலை அந்தச் சாடை இருக்கோ.”

சுவாமி, மற்றதெல்லாவற்றுக்கும் அதுவரை ஒரு திரும்பும் வழி இருந்தது. ஒரு கதை அடிபட்டது, பிழையாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் அவள் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஆற அமரப் பார்த்தேன்.

“மூக்கிலை கொஞ்சம் இருக்குப் பிள்ளை” என்றேன்.

அவள் சரி அக்கா என்றாள். கண்ணாடியைத் திரும்ப ஆணியில் மாட்டவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் கண்ணாடி இல்லை. அவள் தலையை நான்தான் வகிடெடுத்துச் சீவி இழுத்துவிடுகிறேன்.

இனி, இதோடு வைத்திருக்கும் உறையைப் பற்றி. விடுதிப் பிள்ளைகள் எவருக்காவது பிறப்பு விபரம் ஏதும் இருந்தால் அதை உறையிலிட்டு ஒட்டி என்னிடம் தருவார்கள். பிள்ளை கலியாணமாகியோ வேலையாகியோ போகும் நாளில் நான் அதைக் கொடுக்க வேண்டும். அற்புதராணியின் உறை அவளைக் கொண்டுவந்தபோது முல்லைத்தீவுச் சுவாமியார் ஒட்டி அனுப்பியது. மடத்திலும் ஒருவரும் திறக்கவில்லை. என்னிடம் வந்த கிழமையே நான் கொதிக்கும் கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்தேன். அறிய வேண்டும் என்ற ஆசைதான், வேறொன்றும் இல்லை. தகப்பன் அடைக்கலநாதன், பாம்பு கடித்து இறந்தார். தாய் மூன்று கிழமைக்குப் பிறகு பிள்ளைப்பேற்றில் இறந்தாள். இருவரும் கோயிலில் முறையாகக் கலியாணம் செய்தவர்கள். பிள்ளை நல்ல குடும்பத்துப் பிள்ளை, வளர்ந்ததும் இதை அவளுக்குச் சொல்லவும் என்று எழுதியிருக்கிறது. அடியில் ஒப்பம் இருக்கிறது.

ஆகவே நான் செபநாயகம் சுவாமியிடம் போனபோது ஒரு கதையும் அடிபட்டிருக்கவில்லை. அதை அடித்தவள் நான். அவளுக்குத் தகப்பன் ஆர் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பொய் சொன்னேன் என்பேன். எத்தனை தரம் என்று கேட்டால் ஒருக்கா என்பேன். ஒருக்காதானே.

கனிசியஸ் அந்த வருடமே நீர்கொழும்புக்குப் போனான். அங்கே ஒரு பெண்ணைக் கட்டினானாம், பிள்ளைகள் சிங்களத்தில் படிக்கிறார்களாம். என் ஆறு பிள்ளைகளில் ஒருத்தி சீமெந்து ஆலையில் வேலைசெய்பவனைக் கட்டிக் காங்கேசன்துறையில் இருக்கிறாள், ஒருத்தி கன்னியாஸ்திரியானாள், மற்றவர்கள் கொழும்பு, மன்னார் என்று போய்விட்டார்கள். கோயில் வீட்டை மூடவில்லை. அற்புதராணி இருந்ததால் மூடவில்லை. லூர்த்தம்மா புருசனின் படத்தை இறக்கி வைத்துவிட்டு மகளோடு பாசையூருக்குப் போனாள். மரித்தோர் பூசைக்கு அவர் பெயரைக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். போன மாதம் அவளும் போய்விட்டாள். சாகக் கிடக்கும்போது அந்த மனுசனை மன்னிச்சிட்டன் என்று சொன்னாளாம். செத்தவீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் அழுதார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உறையை நீங்கள் வைத்திருங்கள். நான் செத்த பிறகு அவளிடம் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். இப்போது அறிந்தால் அவள் கோபத்தில் எங்காவது வெளிக்கிட்டுவிடுவாள், அது அவளுக்கு நல்லதல்ல. முப்பது வயதாகிறது, இன்னும் தனியாக பஸ் ஏறத் தெரியாது. அதை மட்டும் நான் இன்னும் பழக்கவில்லை.