இடப்பக்கத்து சீட்

இரவு பதினொரு மணி இருக்கும். சாரி-பெல் கணவாயிலிருந்து இறங்குகிற சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. காற்றுகூட இல்லை... பனி மட்டும்.

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். இது நம் எசெனுடைய சித்தி மகளுக்கு நடந்தது. பெயர் புருல். ஆட்டு டாக்டர். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். தன் குதிரைகளை விற்று ஒரு குட்டி எஸ்யூவி வாங்கினாள். ஜப்பானில் ஓடி வந்த பழைய வண்டி. நம் ஊர் வண்டிகளுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், இதற்கு வலப்பக்கம்.

கொழுந்தன் தைலாக்குக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணி, மலை வண்டியெல்லாம் ஆம்பள ஓட்டுறது. சாவியைக் குடு, போற இடத்துக்கு நான் கொண்டு விடுறேன்."

"நீ தூங்கி எந்திரிச்சு வர்ற வரைக்கும் ஆடு குட்டி போடாம இருக்குமா?"

வண்டி எப்படி என்று யார் கேட்டாலும் நின்று பதில் சொல்வாள். "வளைவுல சாயாது. பனியில நாலு சக்கரமும் கவ்விப் பிடிக்கும். ஏத்தத்துல கொஞ்சம் முனகும், ஆனா நிக்காது. ஹீட்டர்தான் சரியில்ல. கண்ணாடி தெளியறதுக்குள்ள கால் வெந்துடும்."

சொல்லாத குறை ஒன்றும் இருந்தது.

இறக்கத்தில் கூரை இடிந்த ஒரு சாவடி வரும். அதைத் தாண்டியதும்... டிங். டிங். டிங். இடப்பக்கத்து சீட்டில் இருப்பவரை பெல்ட் போடச் சொல்லும் மணி. சீட்டில் யாரும் இல்லை. ஒரு பைகூட இல்லை. நனைந்த கம்பளி வாடை. அடியில் நிலக்கரிப் புகை. முதல் இரவு ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டாள். இடப்பக்கக் கதவு மெல்லத் திறந்தது... மூடியது. மணி நின்றது.

யாரிடம் சொல்வது? சொன்னால் அன்றைக்கே தைலாக் சாவியைப் பிடுங்குவான். வேறு பாதையும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே வழியில் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் மணி.

ஓர் இரவு பயம் தீர்ந்து கோபம் வந்தது. கை நீட்டி அந்த சீட்டின் பெல்ட்டை இழுத்தாள். காலி சீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருந்தது... தடித்த எதையோ சுற்றி வருவது போல. க்ளிக்.

"ஏறுனா ஏறு. இது என் வண்டி. பெல்ட் போடாம யாரும் வரக் கூடாது. பாலத்துல இறங்கிக்க."

மணி நின்றது. பாலத்தில் கதவு திறந்தது, மூடியது. அந்தக் குளிர்காலம் அப்படியே ஓடியது.

மேய்ப்பர்கள் பார்த்திருக்கிறார்கள். தைலாக் காதுக்குப் போய்விட்டது.

"பாலத்துல நின்னு தனியா பேசுறியாமே? ஊரே சிரிக்குது. அண்ணன்கிட்ட போன்ல சொல்லி வண்டியை வித்துடப் போறேன்."

"விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பாரு."

ஏறினான். இடப்பக்கத்து சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வந்தான். சாவடி வந்தது... போனது. மணி அடிக்கவில்லை.

"எங்க அண்ணி உன் ஆளு?" என்று சிரித்தான்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. கம்பளி வாடை. கையிலிருந்த விதைகள் காலடியில் கொட்டின.

"அண்ணி... பெல்ட் இறுக்குது. தொடை மேல... பாரமா..."

புருல் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது வழக்கமா உட்கார்ற சீட்டு. இடம் இல்லாம உன் மடியில உட்கார்ந்திருக்கு. பொறுத்துக்க, பாலத்துல இறங்கிடும்."

பாலம் வந்தது. நிறுத்தினாள். கீழே ஆறு உறைந்து கிடந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

கதவு திறக்கவில்லை.

"இறங்கச் சொல்லு அண்ணி..."

சொன்னாள். அதட்டியும் சொன்னாள். கதவு திறக்கவில்லை.

வீட்டு வாசலில் தைலாக் தானே கதவைத் திறந்து இறங்கினான். காலை இழுத்து இழுத்து உள்ளே போனான்.

அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் மணி அடித்ததில்லை. சாவியை யாரும் கேட்டதுமில்லை. புருல் இன்றைக்கும் ராத்திரியில் அந்த வழியாகத்தான் தனியாக வருகிறாள்.

தைலாக் பொழுது சாய்ந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. அவன் மனைவிதான் எசெனிடம் சொன்னாள்... விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போனால், அந்த நாற்காலியிலிருந்து இரண்டு மூச்சு கேட்கிறதாம். ஒன்று அவனுடையது. இன்னொன்று... கொஞ்சம் மெதுவாக.