நெஞ்சு பதகளிச்சால் கத்தியைக் கீழை வைக்கக் கூடாது

...ஆடாதேங்கோ அண்ணை, கத்தி கழுத்தடியிலை நிக்குது! என்ன கதைச்சுக்கொண்டு நிண்டனான்? ஆ... பதகளிப்பு! சும்மா நிக்க நெஞ்சு டக்குடக்கெண்டு அடிக்கும், வேர்க்கும், மூச்சு முட்டும், கை கிடந்து நடுங்கும். இந்தா செத்தன் எண்டு நினைப்பன். பிறகு பாத்தால் சாகேல்லை!

மனிசி பூரணம், ஆரோ செய்வினை செய்துபோட்டாங்களெண்டு பூசாரி ஒருத்தனைக் கூட்டியந்தவள். அவன் வேப்பிலையாலை விளாசினதிலை முதுகு தடிச்சதுதான் மிச்சம். நாட்டு வைத்தியம் பாக்கிற பரியாரியார் தலைக்கு எண்ணெய் தந்தார். வைச்சன். பதகளிப்போடை தும்மலும் தடிமனும் வந்துது. மச்சான் இளையதம்பி சாராயம் குடியடா எண்டான். நடுக்கம் நிண்டது அண்ணை, பொய் சொல்லக்கூடாது. ஆனால், மீசையை ஒதுக்கச் சொன்ன ஊர்த் தலைவர் விதானையாருக்குப் புருவத்தை ஒதுக்கிப்போட்டன்...

கடைசியா ஒரு டொக்டர். தங்கமான மனிசன்! குளிசை தந்தவர், நித்திரை தூக்கும், வேலை நேரத்திலை போடாதை எண்டார். "கதிரவேலு, பயம் வந்தால் ஓடாதை. மூச்சை ஆறுதலா இழுத்து விடு. செய்யிற வேலையை நிப்பாட்டாமல் செய், அது தானா அடங்கும்" எண்டார். நான் சலூன்காரன் எண்டதைச் சொல்ல மறந்துபோனன். அவர் தோட்டக்காரன் எண்டு நினைச்சாரோ என்னவோ...

மூண்டு கிழமை அண்ணை! ஒரு குஞ்சும் இந்தப் படியேறேல்லை. மருதனார்மடத்துச் சனமெல்லாம் சுன்னாகத்துக்குப் போய் வழிக்குது. ஒரு முகம், ஒரேயொரு முகத்தை முழுசா வழிச்சு முடிச்சனெண்டால் என்ரை தொழில் தப்பும். நல்லகாலம், நீங்கள் வெளியூர்!

ஐயோ... வருது. வருது அண்ணை! நிப்பாட்டமாட்டன். இழுக்கிறன்... விடுறன்... இழுக்கிறன்...

பொறுங்கோ. உது ஆரின்ரை நெஞ்சு உப்பிடி அடிக்குது? என்ரையில்லையே! உங்களுக்குப் போர்த்த துவாய்க்கு மேலாலை தெரியுது! அட, நெத்தியெல்லாம் வேர்வை! கையும் நடுங்குது! அண்ணை, உது அச்சொட்டா என்ரை வருத்தம்! பயப்பிடாதேங்கோ, ஓடினால் கூடும் எண்டு டொக்டர்... ஐயோ, எழும்பாதேங்கோ! துவாயோடை எங்கை ஓடுறியள்? மற்றக் கன்னம் கிடக்கு!

அடடே... என்ரை கை! ஒரு சொட்டு நடுக்கமில்லை! அண்ணை! நில்லுங்கோ அண்ணை! சந்தியிலை நிக்கிற ஆக்கள், உந்த மனிசனை ஒருக்காப் பிடியுங்கோவன்!

அட, நீங்களேன் எல்லாரும் ஓடுறியள்? கத்தியைப் பாக்காதேங்கோ, கையைப் பாருங்கோ! எனக்கு வருத்தம் மாறியிட்டுது!