சாப்பாட்டு மேசைக்கு இடம்

1983 ஜனவரி 22, சனி. ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். வீட்டுச் சாமான்களை எப்படிப் போடுவது என்று சாயங்கால வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி எங்கள் கூடத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். நாற்காலிகளை மேசையோடு ஒட்டி வரைந்துவிட்டேன். ஆள் உட்கார்ந்தால் நாற்காலி பின்னால் வரும், அதற்கு இடம் விட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று அவரும் நானும் கூடத்தில் பேசியதை நினைவில் இருக்கிற வரை எழுதுகிறேன்.

— அந்தாண்ட முனைய தூக்குங்க. இழுக்காதீங்க, தரையில கோடு விழும்.

— ரேணு, வெளக்கு வச்சதுல இருந்து இத நகத்திக்கிட்டே இருக்கறோம். போட்ட எடத்துல கெடக்கட்டும், விடு.

— தப்பு என்னுதுதாங்க. நாற்காலிய வெறுமன வரைஞ்சிட்டேன். ஆள் உக்காந்தா ஒரு முழம் பின்னால வருது, பீரோ கதவுல இடிக்குது.

— உக்கார்றது நான் ஒருத்தன். அதுக்கு எல்லா நாற்காலிக்கும் எடம் பாக்கறியா?

— நாளைக்கு அப்பா வர்றாரு இல்ல.

— சரி, ரெண்டு பேரு.

— மூணு.

— மூணாவது யாரு?

— நான்.

— விடு ரேணு. மறுபடி ஆரம்பிக்காத.

— ஆரம்பிக்கல. கேக்கறேன். எங்கப்பா கொல்லையில இருந்த வாகை மரத்த அறுத்து எனக்கு சீரா செஞ்சு குடுத்த மேச இது. கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சு. இத தொடைச்சிருக்கேன். இது மேல உங்களுக்கு எல போட்டிருக்கேன், எடுத்திருக்கேன். ஒரு நாள் உக்காந்ததில்ல.

— எங்கம்மாவே உக்கார்றதில்ல. ஆம்பளைங்க சாப்பிட்டப்புறம் பொம்பளைங்க அடுப்பங்கரையில கீழ உக்காந்து சாப்பிடறது இந்த வீட்டு வழக்கம். உனக்குன்னு தனியா வச்ச சட்டமா?

— அத்த சொல்றது எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?

— நான் என்னத்த சொல்ல. பசிச்சா சாப்பிடறேன்.

— உங்களுக்குப் பசிச்சா நீங்க சாப்பிடறீங்க. எனக்குப் பசிச்சாலும் நீங்கதான் சாப்பிட்டு முடிக்கணும்.

— இதெல்லாம் கூட அந்த வகுப்புல சொல்லித் தர்றாங்களா?

— இல்லங்க. மேசைய வெளிச்சம் வர்ற பக்கம் போடணும், நடக்கற வழிய மறைக்கக் கூடாது, அவ்ளோதான் சொன்னாங்க. அதுவே எனக்கு முழுசா புரிஞ்சுதான்னு தெரியல.

— உங்க டீச்சருக்கு மாமியார் இல்ல போல.

— சிரிக்காதீங்க. கார்த்திகை தீபத்துக்கு வந்தப்ப அப்பா கெளம்பற நேரத்துல, செருப்ப மாட்டிக்கிட்டே கேட்டாரு. மேசையில உக்காந்து சாப்பிடறியாம்மான்னு. ஆமாம்பான்னு சொல்லிட்டேன். அந்த முகத்த நீங்க பாத்திருக்கணும்.

— சந்தோசமா போனாரு இல்ல. அப்புறம் என்ன?

— நாளைக்கு அவரு பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். ஒரே ஒரு வேளை. அத்தையும் உங்க தங்கச்சி வள்ளியும் கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்குப் போயிட்டாங்க, ராத்திரி அங்கயே தங்கிட்டு நாளைக்குப் பொழுது சாஞ்சாதான் வருவாங்க. அவங்க கண்ணுல படப்போறதில்ல.

— எதிர்வீட்டு பாஞ்சாலை பாத்தா போதும். அவங்க பஸ் ஏறறதுக்குள்ள ஆரணிக்குச் சேதி போயிடும்.

— சன்னல சாத்திக்கறேன்.

— சாத்திட்டு, திருட்டுச் சோறு மாதிரியா?

— அப்படித்தான் கெடைக்கும்னா அப்படியே சாப்பிடறேன்.

— சரி. உக்காரு.

— நெசமாவா?

— ஒரு வேளைதானே. உக்காரு.

— இவ்ளோ சீக்கிரம் சரின்னு சொல்ற ஆள் இல்லியே நீங்க.

— வேணாம்னாலும் ஏன்ற, சரின்னாலும் ஏன்ற.

— இல்ல, இல்ல. புடிங்க. சன்னலாண்ட போட்டா மல தெரியும். அப்பா மலையப் பாத்தாப்புல உக்காரட்டும், நான் இந்தாண்ட. ஜாஸ்தி எடம் அடைக்காது.

— சன்னலாண்ட வேணாம். வாசக்கதவாண்ட போடு.

— நடக்கற வழியிலயா? யாராவது வாசல மறைச்சு மேச போடுவாங்களா?

— ஒரு நாளைக்குதானே.

— நான் ஒரு நாளைக்கு வரையலங்க, எப்பவும் இருக்கறதுக்கு வரைஞ்சேன். நாளன்னைக்கு இத எங்க போடறதாம்?

— நாளன்னைக்கு கூடம் காலியா இருக்கட்டும். கல்யாணத்துக்கு வர்ற சனம் படுக்க எடம் வேணும்.

— என்னப் பாத்து பேசுங்க. சுவத்தப் பாக்காதீங்க. மேச எங்க போவுது?

— வள்ளிக்குப் பாத்த மாப்ள இருக்காரே, வேங்கிக்கால்ல புதுசா வீடு கட்டிட்டாரு. உள்ள ஒரு சாமானும் கெடையாது.

— அதனால?

— சீர்ல சாப்பாட்டு மேச கேட்டாங்க. தை கடைசியில கல்யாணம். இனிமே மரம் வாங்கி, ஆசாரியப் புடிச்சு செய்ய ஏது நாளு? அம்மாதான் சொல்லிச்சு, இது சும்மாதானே கெடக்குதுன்னு.

— சும்மா.

— பாலிஷ் போட்டா புதுசாட்டம் ஆயிடும். மாப்ள வீட்டுக்குத் தெரியவா போவுது?

— வள்ளிக்குத் தெரியுமா?

— தெரியும். அழுதுச்சு. அண்ணிக்கிட்ட நீயே சொல்லிடுன்னு சொல்லிச்சு. நான்தான் இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன்.

— என்ன வரைய விட்டு பாத்துக்கிட்டு இருந்தீங்க.

— வரையறப்ப நீ சந்தோசமா இருந்த. எப்படிச் சொல்றது?

— சரி. காலையில அப்பா வரட்டும். குடுத்தவரு அவரு. அவருக்கு முன்னால இந்த வார்த்தைய சொல்லுங்க. அவரு விட மாட்டாரு.

— ரேணு.

— என்ன?

— உங்கப்பா நாளைக்கு பஸ்ல வரல.

— பின்ன?

— டிராக்டர்ல வர்றாரு. டிரெய்லர் மாட்டிக்கிட்டு.

— எதுக்கு?

— போன வாரம் செங்கத்துக்குப் போயி அவருகிட்ட கேட்டேன். மறுபேச்சு பேசல. வெளி வண்டி எதுக்கு மாப்ள, நானே வந்து ஏத்திட்டுப் போயி வேங்கிக்கால்ல எறக்கிடறேன்னாரு. சம்பந்தி வீட்டு நல்ல காரியம், நம்ம கையால செஞ்சா மரியாதன்னாரு.

— எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே அவரு.

— உன்கிட்ட சொல்ல வேணாம்னதே அவருதான். எம்பொண்ணு ரெண்டு வருசம் அதுல உக்காந்து சாப்பிட்டுடுச்சு, அதுக்கு ஆச தீந்திருக்கும்னாரு.

— அப்படியா சொன்னாரு.

— கெட்ட எண்ணத்துல சொல்லல. அழாத ரேணு.

— அழல. எப்ப வர்றாரு?

— காலையில சாப்பாட்டுக்கு வந்துடுவாரு. சாப்பிட்டுட்டு ஏத்தலாம்னு பேச்சு.

— சரி. அந்த முனைய தூக்குங்க, சன்னலாண்டயே போடலாம். நாளைக்கு அப்பா வந்ததும் மேசையில ஒரு எல போடறேன், எனக்கு. நான் சாப்பிட்டு எழுந்தப்புறம் உங்களுக்கும் அவருக்கும் அடுப்பங்கரையில, கீழ போடறேன்.